நூல் பிடித்த காலம்

எங்கள் பெரியப்பா அலைன்மென்ட் பார்க்க வைத்திருந்த சாமான்களில் பாதி கொத்தனார்களுடையவை. ரசமட்டம், தூக்குக்குண்டு, முடிச்சு விழாத வெள்ளை நூல்கண்டு, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டியூப். மீதி ஓர் இரும்பு அடிக்கோல், சாக்பீஸ், நீள ஆணி ஒன்று, கிரீஸ் தடவிய தகரத் துண்டுகள். தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்ளே ஒடுங்கும் தெருவில் இருந்தது அவர் ஷெட். புதிதாக வருகிற ஆள் வாசலில் நின்று, "இங்க கார் ரிப்பேர்னு சொன்னாங்களே?" என்று சந்தேகத்தோடுதான் கேட்பார்.

ஷெட் போடுவதற்கு முன் பெரியப்பா பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு கார் தொழிற்சாலையில் இருந்தவர். 1961-லிருந்து ஹெரால்டு அங்கேதான் உருவாயிற்று. இங்கிலாந்தில் கவென்ட்ரியில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டாக வெளிவந்த கார் அது. உருவத்தை வரைந்தவர் ஜொவானி மிகெலோட்டி என்ற இத்தாலியர். அந்தச் சமயம் மற்ற கம்பெனிகள் சேஸிஸே இல்லாமல் உடலையே சட்டமாக்கும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. டிரையம்ஃபுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்கு உடல் செய்து கொடுத்துவந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. வேறு வழியின்றித் தனிச் சேஸிஸ் மேல் உடலைத் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டினார்கள். முன்பக்க மூடி மட்கார்டுகளோடு சேர்த்து ஒரே துண்டாக முன்னால் கவிழும். திறந்துவிட்டால் முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். பெரியப்பா அப்படித்தான் பார்ப்பார்; டீயும் அங்கேயே வரும்.

இந்த ஹெரால்டின் சேஸிஸை அடிப்படையாக வைத்து, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் எட்டரை அங்குலம் குறைத்து, கூரையை எடுத்துவிட்டு 1962-இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் விட்டார்கள். 1965-இல் பிரான்ஸில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடி, தன் பிரிவில் முதல் இரண்டு இடமும் பிடித்தது. மதராஸில் விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்திருக்கும். ஆனால் வேறெந்த வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காருக்கும் இல்லாத ஒரு வசதி இதற்கு இங்கே இருந்தது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் உறுப்புகளில் பலவும் ஹெரால்டுடையவை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கேட்டால் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். அந்த ஒரு காரணத்தால்தான், 1970-களின் நடுவில் ஒரு மார்கழி மாதம், கரும்பச்சை ஸ்பிட்ஃபயர் ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்தது.

அதை ஓட்டி வந்தவர் ஒரு டாக்டர். பாரிமுனைக் கம்பெனி ஒன்றில் இருந்த வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கார். தெருப் பிள்ளைகள் மொத்தப் பேரும் கூடிவிட்டோம். காரை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, குனிந்து பார்க்க வேண்டும். அதுவே எங்களுக்குப் பெரிய அதிசயம். டாக்டர் உட்கார்ந்தபடியே கையை வெளியே நீட்டினால் தரையைத் தொடலாம். தொட்டும் காட்டினார்.

"கையை விட்டா இடது பக்கம் இழுக்குது மேஸ்திரி. வளைச்சா வளையுது, திரும்பி நேரா வர மாட்டேங்குது. பிப்ரவரில சோழவரத்துல ஓட்டணும்."

"இதுக்கு முன்ன எங்க காமிச்சீங்க சார்?"

டாக்டர் ஓர் இடத்தைச் சொன்னார். நகரத்தில் பேர்போன பட்டறை. பேர் இங்கே வேண்டாம். பெரியப்பா பதில் சொல்லாமல் முன் டயர் பக்கத்தில் குந்தி, உள்ளங்கையை டயரின் குறுக்கே வெளியிலிருந்து உள்ளே தடவினார். வழவழவென்று போயிற்று. உள்ளிருந்து வெளியே இழுத்தார். கை தடுக்கிற்று. என் கையைப் பிடித்தும் அப்படியே இழுத்தார். ரம்பத்தைத் தொட்டதுபோல இல்லை, அதைவிட நுணுக்கமான ஒரு சுரசுரப்பு. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. சக்கரங்கள் முன்னால் அளவுக்கு மீறி உள்பக்கம் பார்த்தால் டயர் தரையில் உருளாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தபடி இழுபடும். ஒவ்வொரு பட்டையின் விளிம்பும் உள்ளே பார்த்துக் கூராகிவிடும். கருவி எதையும் எடுப்பதற்கு முன் பெரியப்பாவுக்கு இது தெரிந்துவிட்டது.

அடுத்தது முன் மூடியைக் கவிழ்த்து உள்ளே பார்த்தார். டிரையம்ஃபின் முன் சக்கரம் மேலே ஒரு பந்து மூட்டிலும் கீழே வெண்கல டிரன்னியன் ஒன்றிலும் நிற்கிறது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை டிரன்னியனுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் தண்டு அந்த மரையில் சுற்றுகிறது. ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. வாங்கும்போது மாறிவிட்டால் திரும்ப பஸ் ஏற வேண்டியதுதான். அதற்குள் விட வேண்டியது கியர் ஆயில். ஆனால் ஊரில் உள்ள பட்டறைகள் அத்தனையும் கிரீஸ் கன்னை வைத்து அமுக்கிவிடும். கிரீஸ் மரை முழுக்கப் பரவாது. உள்ளே கட்டியாகி அடைத்துக்கொள்ளும், எங்கேயாவது தண்ணீர் புகுந்து துருப்பிடிக்கும், ஒரு நாள் தண்டு மரை வேரிலேயே ஒடிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கும். இதே முன் உறுப்பை வாங்கித்தான் லோட்டஸ் கம்பெனி தன் எலான் காருக்குப் போட்டது. அந்த எலானை இன்றும் சாலையில் நன்றாக நிற்கும் கார்களில் ஒன்றென்று சொல்கிறார்கள். பழுது உறுப்பில் இல்லை.

டாக்டர் காரில் இடது டிரன்னியன் கட்டிக்கொண்டிருந்தது. கீழ்க்கையின் ரப்பர் புஷ்களும் வெடித்துப் போயிருந்தன. பெரியப்பா எதையும் கழற்றுவதற்கு முன்பே, "இதைச் சரிபண்ணாம அலைன்மென்ட் பார்த்தா, ஆடுற நாற்காலில உக்காந்து படம் வரையிற மாதிரிதான்" என்றார். புது டிரன்னியனும் புஷ்களும் வந்து சேர ஒரு வாரம் ஆயிற்று.

பிறகுதான் எனக்கு வேலை வந்தது.

ஷெட்டின் ஒரு மூலையில் நான்கு கடப்பா கற்கள் தரையில் பதித்திருக்கும். தண்ணீர் டியூபை வைத்து நான்கையும் ஒரே மட்டத்துக்குப் பெரியப்பா கொண்டுவந்திருந்தார். ஒரு சக்கரம் அரை அங்குலம் தாழ்ந்தாலும் மேலே அளப்பது அத்தனையும் பொய் என்பார். அவர் வைத்திருந்த எண்ணெய்க் கறை படிந்த டிரையம்ஃப் புத்தகத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. அளவு பார்க்கும்போது ஒவ்வொரு சீட்டிலும் 150 பவுண்டு எடை இருக்க வேண்டும். அதாவது 68 கிலோ. இரண்டு ஆட்கள் உட்கார்ந்த நிலையில் சக்கரங்கள் எப்படி நிற்கின்றனவோ அதுதான் கணக்கு.

முந்தைய பட்டறையில் காலிக் காரை வைத்தே அளந்திருந்தார்கள். பெரிய கார்களில் அது அவ்வளவாகத் தெரியாது. சுமார் முக்கால் டன் எடையே உள்ள இந்தக் காரில், ஒரு ஆள் ஏறினாலே பின்பக்கம் தாழும், சக்கரத்தின் சாய்வு மாறும். பெரியப்பா சீட்டில் ஆள் உட்கார வைப்பார். ஆனால் ஆட்கள் வேலைக்கு வேண்டுமே! ஆகவே ஒரு சீட்டுக்கு மணல் மூட்டை, இன்னொரு சீட்டுக்கு நானும் மணல் மூட்டையும். மணலை எதிர்த்த விறகுத்தொட்டித் தராசில் நிறுத்தோம். என் எடையைத் தாம்பரம் ஸ்டேஷனில் விளக்குகள் சுற்றும் மெஷினில் காசு போட்டு எடுத்துவந்த அட்டை சொல்லிற்று. பின்னால் சோதிடமும் இருந்தது. பெரியப்பா அதைப் படிக்காமல் எடையை மட்டும் சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொண்டார்.

டிரைவர் சீட்டில் மணல் மூட்டையை மடியில் வைத்து நான் உட்கார்ந்திருப்பேன். ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. சிரிக்கக்கூடாது, ஏனென்றால் கார் ஆடும். இரண்டு மணி நேரம்.

பின் சக்கரங்களிலிருந்துதான் ஆரம்பம். பலரும் முன்னால் தொடங்குவார்கள். பின்பக்கம் கோணலாக இருந்தால் கார் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போகும், முன்னால் எவ்வளவு சரிபண்ணினாலும் ஸ்டியரிங் வீல் நேராக நிற்காது என்பது அவர் கட்சி. ஸ்பிட்ஃபயரின் பின்பக்கம் வேறு ஒரு தினுசு. டிஃபரன்ஷியலின் தலைமேல் குறுக்காக ஒரே கமான் பட்டைக் கட்டு. டிஃபரன்ஷியலிலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆக்சில். அதில் உட்பக்கம் மட்டும் ஒரு மூட்டு. சக்கரமும் ஆக்சிலும் ஒட்டிய கை மாதிரி ஒரே துண்டாக மேலும் கீழும் வீசும். ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினால் இரண்டு சக்கரத்தின் அடிப்பக்கமும் உள்ளே மடங்கிவிடும். கீழே இறக்கினாலும் அப்படியே நிற்கும். நானும் உதவிப் பையனும் காரை முன்னும் பின்னும் தள்ளி உருட்டி, பின்பக்கத்தை அமுக்கி ஆட்டி, சக்கரங்களை அவற்றின் இடத்துக்கு வரவழைத்த பிறகுதான் அளவு.

இந்த மடங்குதலில்தான் ஆபத்தும் இருந்தது. வேகமாக வளைவில் போகும்போது பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் மேலே எழும்பும். வெளிச்சக்கரம் அடியில் மடங்கும். டயரின் ஓரம் மட்டும் தரையில் நிற்க, கார் ஒரே சுற்று சுற்றும். டிரையம்ஃப்காரர்களே 1970-இல் பட்டைக் கட்டின் நடுத் தகடுகள் அசையும்படி மாற்றி இதைப் பெருமளவு அடக்கினார்கள். பெருங்களத்தூரில் 1972-இல் ஹெரால்டுக்கு அடுத்து கஸல் வந்தபோது இந்த ஆக்சிலையே தூக்கிவிட்டு ஒரே குழாயான சாதா ஆக்சில் போட்டார்கள். டாக்டருடையது பழைய மாதிரி. "பட்டையை நல்லாத் தட்டித் தாழ்த்திருங்க மேஸ்திரி, தரையோட ஒட்டி நிக்கணும்" என்பது அவர் ஆசை.

பெரியப்பாவுக்குப் பட்டையைத் தட்டுவதில் விருப்பமில்லை. கொல்லன் உலையில் வைத்த பட்டைக்கு மறுபடி எவ்வளவு முறுக்கு ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் டிஃபரன்ஷியலுக்கும் பட்டைக்கும் நடுவே லேத்தில் கடைந்த ஒரு இரும்புக் கட்டையை வைத்து, நீளமான ஸ்டட்களைப் போட்டு முறுக்கினார். பட்டையின் நடு உயர்ந்தால் கார் தாழும் என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை. ஒரு காகிதத்தில் வளைத்துப் பார்த்தபின்தான் புரிந்தது. பின் சக்கரங்கள் மேற்பக்கம் லேசாக உள்ளே சாய்ந்து நின்றன. இனி வளைவில் எழும்பினாலும் மடங்குவதற்கு முன் நிமிரத்தான் வேண்டும். அந்த அளவுக்குச் சமயம் கிடைக்கும்.

அப்புறம் நூல். காரின் இரு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில், முன்னே இரண்டு முக்காலி, பின்னே இரண்டு முக்காலி வைத்து நூலை இழுத்துக் கட்டுவார். இரண்டு நூலும் ஒன்றுக்கொன்று இணையாகவும் காரின் நடுக்கோட்டுக்கு இணையாகவும் இருக்க வேண்டும். இங்கேதான் அவசரக்காரர்கள் ஏமாறுவார்கள். ஸ்பிட்ஃபயரில் முன் சக்கரங்களுக்கு இடையே 49 அங்குலம், பின்னால் 48. நூலை நான்கு சக்கரத்திலிருந்தும் ஒரே தூரத்தில் வைத்தால் அது இணையாக இருக்காது. பின்னால் ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் கூடுதலாக விட வேண்டும். பெரியப்பா நூலைச் சரிசெய்ய எடுத்துக்கொள்ளும் நேரம், சக்கரத்தைச் சரிசெய்வதைவிட அதிகம். உதவிப் பையன் தும்மினால்கூடத் திட்டு விழும். எனக்கு மணல் மூட்டை வேலை இல்லாத நேரங்களில் நூலின் முனையைப் பிடிப்பேன்.

"டேய், லூஸ் விடாத. விரல்ல சுத்திக்க. இன்னும். ம்."

அடிக்கோலை ரிம்மின் முன்விளிம்புக்கும் நூலுக்கும் நடுவே வைப்பார், பின்விளிம்புக்கும் வைப்பார். வித்தியாசத்தைச் சுவரில் எழுதுவார். பின்னால் நீளக் கைகள் காரின் உடலில் பூட்டும் இடத்தில் மெல்லிய ஷிம் தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் இரு பக்கமும் ஒன்றாக்கினார். மறுபடி தள்ளி உருட்டு, மறுபடி மணல், மறுபடி நூல்.

முன்பக்கத்தில் மூன்று கணக்கு. சக்கரத்தின் சாய்வைத் தூக்குக்குண்டு காட்டும். ரிம்மின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் தொங்கும் நூலிலிருந்து எவ்வளவு விலகி இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். இரண்டு விளிம்புக்கும் நடுவே 14 அங்குலம் என்றால் கால் அங்குல வித்தியாசம் ஏறத்தாழ 1 டிகிரி. பெரியப்பா டிகிரி பேச மாட்டார், "கால் இஞ்சி" என்பார். கீழ்க்கை சேஸிஸோடு சேரும் இரண்டு பிராக்கெட்டுகளுக்குப் பின்னாலும் ஒரே அளவு ஷிம் சேர்த்தால் சக்கரத்தின் கீழ்ப்பக்கம் வெளியே தள்ளப்படும். பின் பிராக்கெட்டுக்கு மட்டும் சேர்த்தால் கீழ்மூட்டு முன்னால் நகரும், காஸ்டர் கூடும்.

காஸ்டர் என்றால் என்ன என்று நான் கேட்டபோது வாசலில் நின்ற சைக்கிளை எடுத்துவரச் சொன்னார். "ஹேண்டில்பாரைத் தொடாத. சீட்டை மட்டும் பிடிச்சுத் தள்ளு." தள்ளினேன். நேராகப் போயிற்று. சாய்த்தேன், முன் சக்கரம் தானாகவே சாய்ந்த பக்கம் திரும்பிற்று. நிமிர்த்தினேன், தானாகவே நேரானது. சாய்ந்த ஃபோர்க்கின் வேலை அது. காரிலும் அந்தச் சாய்வு உண்டு. இரு பக்கமும் அது ஒன்றாக இல்லாவிட்டால், குறைந்த பக்கத்துக்குக் கார் இழுக்கும். டாக்டர் காரில் இடது பக்கம் குறைவு. கிரீஸ் தடவிய தகரத் துண்டுகள் இதற்குத்தான்: சக்கரத்தின் அடியில் இரண்டு தகரம், நடுவே கிரீஸ். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டயர் தரையைப் பிடிக்காமல் வழுக்கித் திரும்பும், சாய்வு மாறுவதைச் சரியாக அளக்கலாம். ஊரில் இதற்கு விலையுயர்ந்த சுழல்தட்டுகள் விற்றார்கள். எங்களிடம் டால்டா டின் இருந்தது.

கடைசியில் டோ-இன், அதாவது சக்கரங்கள் முன்னால் எவ்வளவு உள்ளே பார்க்கின்றன என்பது. எதை மாற்றினாலும் இது மாறும். எனவே இது கடைசியில்தான். முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, டயரின் நடுவில் முதலில் சாக்பீஸைப் பிடித்து வெள்ளைப் பட்டை போடுவேன், பிறகு ஆணியைப் பிடித்து அதில் ஒரு மெல்லிய கோடு. கை நடுங்கினால் கோடு இரட்டையாகும், அழித்து மறுபடி. இறக்கி உருட்டி, இரண்டு டயர் கோட்டுக்கும் நடுவே முன்னால் அளப்பார். காரை அரைச் சுற்றுத் தள்ளி, அதே குறியைப் பின்னால் கொண்டுவந்து மறுபடி அளப்பார். முன்னால் பின்னதைவிட ஓர் அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு முதல் 8-இல் ஒரு பங்கு வரை குறைவாக இருக்க வேண்டும். கார் ஓடும்போது சாலை சக்கரங்களை வெளியே பிரிக்கப் பார்க்கும். மூட்டுகளிலும் ரப்பரிலும் உள்ள இளக்கம் அதற்கு இடம் கொடுக்கும். ஓட்டத்தில் நேராக இருக்க வேண்டுமென்றால் நிற்கும்போது கோணலாக இருக்க வேண்டும். இதைக் கேட்ட அன்று எனக்கு ஏதோ ஏமாற்று வேலை மாதிரி இருந்தது. டை ராட் லாக் நட்டை முறுக்கும்போது ராட் கொஞ்சம் கூடவே சுற்றிவிடும், அளவு போய்விடும். பெரியப்பா அதையும் முன்கூட்டியே கணக்கில் வைத்துக் கொஞ்சம் பின்னால் விட்டு முறுக்குவார்.

இன்றைக்குக் கணினித் திரையும் கேமராவுமாக அலைன்மென்ட் பார்க்கிறார்கள். பத்து நிமிடத்தில் பச்சை விளக்கு. குறை சொல்ல மாட்டேன். நூலைவிட அது நுட்பமானது. ஆனால் சீட்டில் எத்தனை பேர் உட்காரப் போகிறீர்கள் என்று ஒரு கடையிலும் என்னைக் கேட்டதில்லை.

சோழவரத்துக்குப் பெரியப்பா என்னையும் கூட்டிப்போனார். செங்குன்றம் தாண்டி, நெல்லூர் போகும் சாலையில். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-இல் தொடங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்திவந்தது. (இருங்காட்டுக்கோட்டைத் தடம் பிறகு வந்தது.) வெயிலில் கான்கிரீட் பளபளத்தது. மோட்டார் சைக்கிள்கள், ஃபியட்டுகள், ஹெரால்டுகள், வீட்டிலேயே கட்டிய ஒற்றை ஆள் கார்கள். கான்கிரீட் பலகைகளின் இணைப்பில் ஒவ்வொரு சக்கரமும் டக்டக்கென்று அடித்துக்கொண்டு போகும். கூட்டத்தில் பெரியவர்களின் இடுப்பளவுக்கே பார்வை எட்டிய எனக்கு, வளைவில் கார்களின் கீழ்ப்பாதிதான் தெரிந்தது. மற்றவர்களுக்கு அது நஷ்டம். எனக்கு அதுவே வேண்டியிருந்தது. ஹெரால்டு ஒன்று திரும்பும்போது பின்னால் எழும்பி, சக்கரம் மடங்கி, புழுதி கிளப்பிச் சுற்றியது. அதற்குப் பின்னால் வந்த கரும்பச்சைக் கார் தாழ்ந்தபடியே வளைந்து போயிற்று.

டாக்டர் நடுவில் எங்கேயோ முடித்தார். ரேடியேட்டர் கொதித்துவிட்டது, கடைசிச் சுற்றுகளில் வேகமே இல்லை. அவருக்கு வருத்தம். கூட வந்த நண்பர்கள் எஞ்சினைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள். பெரியப்பா அந்தப் பேச்சில் சேரவில்லை. கார் நின்றதும் முன் டயர் பக்கத்தில் குந்தி, சூடு ஆறுவதற்குள் உள்ளங்கையை உள்ளே தடவினார், வெளியே தடவினார். பின் டயருக்குப் போய் அப்படியே. எழுந்து வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் சொன்னார்: "இன்னும் ஒரு வருஷம் இந்த டயரையே ஓட்டலாம் சார். ஆனா அந்த ரெண்டாவது வளைவுல நடுவுல காலை எடுக்கறீங்க. எடுக்காதீங்க. அப்புறம், டிரன்னியனுக்கு கியர் ஆயில். வேற யார்கிட்ட விட்டாலும் கிரீஸ் கன்னைத் தொட விடாதீங்க."

டாக்டர் தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது செங்குன்றத்தில் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். பெரியப்பா சாப்பிடும் நேரமெல்லாம், ரேடியேட்டர் விஷயத்தை அவர் எத்தனை தரம் எடுத்தாலும், அடுத்த முறை முன்னால் இன்னொரு ஷிம் சேர்க்கலாமா என்பதையே பேசிக்கொண்டிருந்தார்.